அறுபத்து மூன்று அட்டைகள்

நவம்பர் பதினேழாம் தேதி காலை பதினொரு மணிக்கு ஒகுசாவா நிலையத்தில் ரயிலைவிட்டு இறங்கினேன். ஒரு கையில் தோல்பை, அதற்குள் ஐந்நூறு வெற்று அட்டைகள், ஆறு பென்சில்கள். இன்னொரு கையில் டோக்கியோவில் வரிசையில் நின்று வாங்கிய பயறு இனிப்புப் பெட்டி. மலைமேல் அந்த வருடத்தின் முதல் பனி விழுந்திருந்தது. ஊருக்குள் வெறும் சேறு.

செத்துப்போன எழுத்தாளர்களின் வாழ்க்கையை எழுதுவது என் பிழைப்பு. இருபத்தைந்து வருடங்களில் நான்கு பேரை எழுதி முடித்திருந்தேன். நான்கு பேர் வீட்டுக்கும் இப்படித்தான் இனிப்புப் பெட்டியோடு போனேன். அந்த வீட்டு அம்மாள் கதவைத் திறப்பாள், திருடனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்ப்பாள், பிறகு பெட்டியில் ஒட்டிய கடைப்பெயரைப் படித்துவிட்டு உள்ளே விடுவாள். அவள் என்னைத் திருடன் என்று நினைத்தது தப்பு என்று இப்போது சொல்லமாட்டேன்.

ஐந்தாவது ஆள் ஹண்டா ரியோசுகே. செத்து இருபத்து மூன்று வருடம் ஆகியும் விற்பனை குறையாத நாவலாசிரியர். அவருடைய 'பனிக்கால மூச்சு' என்ற நாவலைப் படித்து அழாத பள்ளிப் பெண் எங்கள் நாட்டில் கிடையாது. காசநோய் வந்த முதல் மனைவி கினுவுக்கு அவள் கடைசி இரண்டு மாதமும் இரவு பகல் பாராமல் அருகிலிருந்து கஞ்சி ஊட்டி, வியர்வை துடைத்து, கையைப் பிடித்தபடி வழியனுப்பிய கணவனின் கதை. அவர் தலைமுறை எழுத்தாளர்கள் சொந்த வாழ்க்கையையே நாவலாக எழுதினார்கள். பெயரைக்கூட மாற்றமாட்டார்கள்.

அதனால் எங்கள் தொழிலில் ஒரு சோம்பேறித்தனம் ஊறிப்போயிற்று. ஒருவருடைய நூல் தொகுப்பு வெளிவந்தால் கடைசியில் அவர் வாழ்க்கையை வருடவாரியாகக் குறித்துக் கொடுக்கவேண்டும். ஏதாவது ஒரு மாதத்துக்குத் தகவல் கிடைக்காவிட்டால் அவருடைய நாவலையே திறந்து, அதில் உள்ளதை நடந்ததாக எழுதிவிடுவோம். ஹண்டாவின் தொகுப்புக்குக் குறிப்பு எழுதியது நான்தான். அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. நான் எழுதியது இது:

'1936 ஜனவரி 9. மனைவி கினு காசநோயால் மறைவு. கணவர் கடைசி நாள்வரை அருகிலிருந்து பணிவிடை செய்தார்.'

அந்த வரி பாடப்புத்தகத்தில் ஏறியது. ஒகுசாவா நிலையத்து வாசலில் கல்லிலும் ஏறியிருந்தது. என் வரியைக் கல்லில் பார்த்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது. சேற்றில் நின்று இரண்டு முறை படித்தேன்.

*

ஹண்டாவின் வீடு மலையடிவாரத்தில் கடைசி வீடு. பழைய பெரிய வீடு. பின்னால், கொல்லையில், தடித்த வெள்ளைச் சுவர் எழுப்பிய களஞ்சியம் ஒன்று. இரும்புக் கம்பி போட்ட ஒரே சின்ன சன்னல். கதவில் துருப்பிடித்த பூட்டு.

கதவைத் திறந்தவள் யசுயே. ஹண்டாவின் இரண்டாவது மனைவி, அறுபத்தேழு வயது, ஒல்லி, நிமிர்ந்த முதுகு. பெட்டியை வாங்கிக் கடைப்பெயரைப் படித்தாள்.

“இந்தக் கடையா. போன தடவ வந்தவன் இதவிடப் பெரிய பெட்டி கொண்டாந்தான். அவனுக்கே நான் ஒண்ணும் குடுக்கல.”

“நான் பெட்டியை நம்பி வரலம்மா.”

“பின்ன எத நம்பி வந்தீங்க, வாத்தியார் ஐயா? உள்ள வாங்க. குளிர் வீட்டுக்குள்ள ஏறுது.”

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவருடைய வீட்டுக்குள் போனதும் முதலில் பூசை அலமாரியின் முன் மண்டியிட்டு, அவர் பெயர் எழுதிவைத்த சின்ன மரப்பலகைக்கு ஊதுவத்தி கொளுத்தி வணங்கிவிட்டுத்தான் காகிதத்தைப் பற்றிப் பேச்செடுக்கலாம். நான் அதற்குமேல் ஒன்று செய்வேன். அவரிடம் மெதுவாக வாய்திறந்து ஒரு வாக்குக் கொடுப்பேன்.

குளிரிலிருந்து சூடான அறைக்குள் வந்ததில் என் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. அலமாரிக்குள் கறுப்பாக ஒரு பலகை நிற்பது தெரிந்தது. அது போதும் எனக்கு. பலகையில் இருப்பது எப்படியும் செத்த பிறகு கோயிலில் புதிதாக வைக்கும் பெயர்தான், வாழ்ந்தபோது இருந்த பெயர் இல்லை. ஊதுவத்தியைக் கொளுத்தினேன். தலை குனிந்தேன்.

“உங்க வாழ்க்கையை எழுத வந்திருக்கேன். ஒரு நாளைக்கூட விடமாட்டேன்.”

நான்கு வீடுகளில் சொன்ன அதே வாக்கு. நான்கு வீடுகளிலும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

*

யசுயே காகிதப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். கூடவே தேநீர், ஊறவைத்த முள்ளங்கி, காய்ந்த காக்கிப் பழம் இரண்டு. கொல்லையைப் பார்த்த அறையில் என்னை உட்காரவைத்துவிட்டு அவள் சமையலறைக்குப் போனாள். நான் வேலையைத் தொடங்கினேன். ஒரு நாளுக்கு ஒரு அட்டை. மேலே தேதி, கீழே அன்று நடந்தது. நாள் தெரியாத காகிதம் எனக்குக் குப்பை.

இரண்டு மணிவாக்கில் ஒரு இருமல் கேட்டது.

சின்ன இருமல். அடுத்தவருக்குத் தொந்தரவாகிவிடக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு இருமுகிறவர்களின் இருமல். உடனே சமையலறையில் வானொலிச் சத்தம் கூடியது.

சிறிது நேரத்தில், சாலைக்குப் போடும் தார்போல ஒரு வாசனை வந்தது. கரித்தார் வாசனை. காசநோய்க்காரர்கள் அந்தக் காலத்தில் விழுங்கிய மாத்திரைக்கு அந்த நாற்றம் உண்டு. என் சித்தப்பா அதே நாற்றத்தோடுதான் செத்தார். நாற்பது வருடமாக நான் அதை முகரவில்லை. சன்னல் சாத்தித்தான் இருந்தது.

சுவர்க் கடிகாரம் மூன்று அடித்தது.

“மன்னிக்கணும்… இன்னைக்கு என்ன தேதி?”

பெண்குரல். முதுகுக்குப் பின்னால், தாழ்ந்து, களைத்து. நான் ஒரு அட்டையில் மூழ்கியிருந்தேன். வீட்டு அம்மாள் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

“நவம்பர் பதினேழு” என்றேன்.

“பதினேழு” என்று அந்தக் குரல் மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டது. பிறகு ஒரு பெருமூச்சு.

எதிர்ப்பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு, கையில் தேநீர்க் குடுவையோடு யசுயே வந்தாள்.

“யார்கிட்டப் பேசுனீங்க?”

“நீங்கதானேம்மா தேதி கேட்டீங்க?”

குடுவையின் மூடி கடகடவென்று ஆடியது. அதைக் கீழே வைத்துவிட்டு அவள் பின்னால் இருந்த கதவைச் சாத்தினாள்.

“பதில் சொல்லிட்டீங்களா?”

“சொன்னேன். ஏன்?”

“நாப்பது வருசமா தெனம் மூணு மணிக்குக் கேக்குறா. ஒரு நாள்கூட நான் வாயத் தொறந்ததில்ல.” அவள் குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. “உங்கள யாரு சொல்லச் சொன்னா?”

பூசை அலமாரியைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடி தெளிந்திருந்தது. பலகையில் இருந்த பெயரின் கடைசி எழுத்துக்கள் பெண்களுக்கு மட்டும் எழுதுபவை.

“இது ஹண்டாவோட பலகை இல்லையா?”

“அவரோடத மகன் வீட்டுக்கு அனுப்பி வருசமாச்சு. ரெண்டையும் பக்கத்துல வச்சா தெனம் காலையில அவரோடது குப்புற விழுந்து கெடக்கும். அது மூத்தவளோடது. கினுவோடது.”

இருபத்தைந்து வருடம் இதே தொழில் செய்தவன் பலகையைப் படிக்காமல் வாக்குக் கொடுத்திருக்கிறேன். நான் எழுத வந்தது ஹண்டாவை. ஒரு நாளும் விடமாட்டேன் என்று சொன்னது, என் புத்தகத்தில் ஒற்றை வரியாக இருந்தவளிடம்.

*

டோக்கியோவுக்குத் திரும்பிய மறுநாள் என் வீட்டு மேசையில் வேலை செய்துகொண்டிருந்தேன். மூன்று மணி.

“மன்னிக்கணும்… இன்னைக்கு என்ன தேதி?”

என் வீட்டில், பட்டப்பகலில், புத்தக அலமாரியின் பின்னாலிருந்து. முதல் நாள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன். சொல்லித் தொலைத்தேன். குரல் தேதியை ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாள் ஓடும் ரயிலில் வந்தது. பத்து நாளில் மூன்று மணிக்குத் தேதியைச் சொல்வது பல் துலக்குவதுபோலப் பழகிவிட்டது. பயத்துக்குக்கூட மனிதன் பழகிவிடுகிறான் என்பது எனக்கே வெட்கமாக இருந்தது.

யசுயே நகல் எடுக்கக் கொடுத்தனுப்பிய பெட்டியின் அடியில், கையெழுத்துப் பிரதிகளுக்கு நடுவே, மெல்லிய நோட்டு ஒன்று சிக்கியிருந்தது. ஹண்டாவின் நாட்குறிப்பு. 1935 நவம்பர் எட்டில் தொடங்கி ஜனவரி ஒன்பதில் முடிந்தது. எண்ணினேன். அறுபத்து மூன்று நாள்.

'நவம்பர் 8. கினுவைக் களஞ்சியத்துக்கு மாற்றினேன். வெளியே பூட்டு. நான்கு பக்கம் எழுதினேன்.'

'நவம்பர் 19. மூன்று மணிக்குச் சன்னல் வழியாகக் கஞ்சி வைத்தேன். தேதி கேட்டாள். சொல்லவில்லை. ஆறு பக்கம்.'

'டிசம்பர் 2. தேதி கேட்டாள். தெரிந்தால் புத்தாண்டுக்கு வீட்டுக்குள் விடச் சொல்லி அழுவாள். சத்தம் வேலையைக் கெடுக்கும். சொல்லவில்லை. இருமலை நன்றாகக் கேட்டுக்கொண்டேன். ஏழு பக்கம்.'

'ஜனவரி 9. இன்று கேட்கவில்லை. பதினொரு பக்கம்.'

அவ்வளவுதான். அதன்பிறகு வெற்றுத் தாள்கள். இரண்டு மாதமும் அவன் ஒருமுறைகூட அந்தக் கதவைத் திறக்கவில்லை. கஞ்சி ஊட்டவில்லை, வியர்வை துடைக்கவில்லை. சூடான அறையில் உட்கார்ந்து, சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருமுவதைக் கேட்டுக் கேட்டு, தான் பணிவிடை செய்வதாக நாவல் எழுதியிருக்கிறான். அதை உண்மை என்று அச்சேற்றியவன் நான். அவனை 'அவர்' என்று எழுத அதற்குப் பிறகு எனக்கு மனம் வரவில்லை.

அன்றே அறுபத்து மூன்று அட்டைகள் எழுதினேன். நாளுக்கு ஒன்று. பென்சில் முனை இரண்டு முறை ஒடிந்தது. பயத்தால் இல்லை, ஆத்திரத்தால்.

*

ஆத்திரம் மூன்று வாரம் தாங்கியது. நோட்டு கிடைத்ததையும் அதை அச்சேற்றப்போவதையும் யசுயேவுக்கு எழுதிப்போட்டேன்.

என் பதிப்பாசிரியன் நெமொட்டோ ஒரு நூடுல்ஸ் கடைக்குக் கூப்பிட்டான். விஷயத்தைச் சொன்னேன். கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டுக்கொண்டான்.

“வாத்தியாரே, நீங்க என்ன போலீஸா? செத்துப்போன ஆளக் கூண்டுல ஏத்தி என்ன ஆகப்போவுது?”

“அவள் பூட்டின அறையில செத்திருக்கா, நெமொட்டோ.”

“சரி, செத்தா. அந்த அம்மா மேற்கோளுக்கு அனுமதி தரமாட்டேன்னு நேத்தே தந்தி குடுத்துட்டா. ஹண்டாவோட ஒரு வரிகூட இல்லாம ஹண்டா வாழ்க்கைய எப்படிப் போடுறது? பத்து வருச உழைப்பு உங்களுக்கு. எனக்கு வேலையே போயிடும்.”

“அந்தப் பணிவிடை வரி நான் எழுதினது.”

இப்போதுதான் தலையைத் தூக்கினான். “அப்போ வாய மூடிக்கிட்டு இருக்கறது உங்களுக்கு இன்னும் நல்லது. நான் எழுதினது பொய்யின்னு நீங்களே சொன்னா, முன்னாடி எழுதின நாலு புத்தகத்த யாரு நம்புவா? ஒரே நாள்ல எல்லாம் குப்பை.”

கடைக் கடிகாரம் மூன்று அடித்தது. என் காதருகே அந்தக் கேள்வி வந்தது.

“டிசம்பர் பன்னெண்டு” என்றேன்.

“எனக்கும் தெரியும்யா. அதனாலதான் கெடு நெருங்குதுன்னு கத்திக்கிட்டு இருக்கேன்” என்றான் நெமொட்டோ.

மறுநாள் யசுயே தொலைபேசியில் பேசினாள். வணக்கம் இல்லை, நலம் விசாரிப்பு இல்லை.

“அந்த நோட்டு எனக்குத் திரும்பி வரணும். வந்த அன்னைக்கே அனுமதிக் கடுதாசி போடுறேன். ஊர்ல அவருக்கு நினைவு மண்டபம் கட்டப்போறாங்க. என் காலம் அதுலதான் ஓடணும்.”

“அதுல என்ன இருக்குன்னு படிச்சிருக்கீங்களா?”

“நான் இந்த வீட்டுல நாப்பது வருசம் இருந்தவ, ஐயா. படிக்க வேற செய்யணுமா?”

ஒரு பக்கம், செத்துப்போன ஒருத்தியின் அறுபத்து மூன்று நாள். இன்னொரு பக்கம், என் பெயர், ஐந்து புத்தகம், ஒரு முழு வாழ்க்கை. நான் இரண்டு வாரம் தூங்காமல் யோசித்ததாகச் சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மையில் இரண்டு நாள்தான். நோட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

ஜனவரி பதினாறாம் தேதி அச்சுக்கு முந்தைய கடைசிப் படி வந்தது. அந்தப் பக்கத்தைத் திருப்பினேன். 'கணவர் கடைசி நாள்வரை அருகிலிருந்து பணிவிடை செய்தார்.' பழைய வரி, அப்படியே. கீழே கையெழுத்துப் போட்டேன். அப்போது மணி இரண்டரை.

மூன்று அடித்தது. நாக்கு நுனியில் தேதியை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

யாரும் கேட்கவில்லை.

அன்று மட்டுமில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. நான் நிம்மதியடைந்தேன். நன்றாகச் சாப்பிட்டேன். அறுபத்து மூன்று அட்டைகளை எரிக்கத்தான் எடுத்தேன். மூன்று முறை தீக்குச்சியைக் கிழித்து, மூன்று முறையும் ஊதி அணைத்தேன். ரப்பர் பட்டை போட்டு மேல்கோட்டுப் பைக்குள் வைத்தேன். அங்கேயே கிடந்தன.

*

அச்சாகி வந்த முதல் பிரதியைச் செத்தவர் வாழ்ந்த வீட்டு அலமாரி முன் வைத்து வணங்கியாக வேண்டும். அதைச் செய்யாமல் வாழ்க்கை வரலாறு எழுதுகிறவனை எந்த வீட்டிலும் இன்னொரு முறை சேர்க்கமாட்டார்கள். மார்ச் பதினெட்டாம் தேதி மறுபடியும் ஒகுசாவா போனேன். சாலையின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பனி. வெயிலில் கண் கூசியது.

யசுயே அன்று சிரித்தாள். நான் பார்த்த முதல் சிரிப்பு. புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கித் தடவிப் பார்த்தாள்.

“கனமா இருக்கு. நல்லா விலை வச்சிருப்பாங்க.”

“அந்த நோட்டு பத்திரமா இருக்காம்மா?”

“புத்தகம் கைக்கு வரட்டும்னு வச்சிருந்தேன். காலையில நீங்க கொண்டாறதா உங்க தந்தி வந்துச்சு. அடுப்புல போட்டுட்டேன். நல்ல தாளு, சட்டுனு பிடிச்சிக்கிச்சு.”

அலமாரி முன் மண்டியிட்டேன். கினுவின் பலகை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. திருப்பி வைக்கக் கை நீட்டினேன். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். கையளவு மரத்துண்டு மலைபோல நின்றது.

“அது நேத்துலருந்து அப்படித்தான் நிக்குது” என்றாள் யசுயே. சிரிப்பு போய்விட்டிருந்தது. “களஞ்சியத்துப் பூட்டும் நேத்துக் காலையில கீழ விழுந்து கெடந்துச்சு. கதவு பாதி தொறந்திருக்கு. நான் கிட்டப் போகல.”

“உள்ள யாராவது பாத்தீங்களா?”

“நீங்கதானே பதில் சொல்லிப் பழக்கிவிட்டீங்க. நீங்க போய்ப் பாருங்க.”

போகாமல் ரயிலேறியிருக்கலாம். கால் தானாகக் கொல்லைப்பக்கம் போனது.

கதவு என் தோள் அகலத்துக்குத் திறந்திருந்தது. உள்ளே வெளியைவிடக் குளிர். கரித்தார் வாசனை. கம்பிச் சன்னல் வழியாகப் பனியின் வெளிச்சம் வந்துகொண்டிருந்ததால் எல்லாம் தெரிந்தது. தெரியாமல் இருந்திருக்கலாம்.

சுவர் முழுக்கக் கோடுகள்.

எங்கள் ஊரில் எதையாவது எண்ணும்போது ஐந்து கோட்டில் முடியும் ஒரு எழுத்தை எழுதுவோம். ஐந்தானதும் அடுத்த எழுத்து. தேர்தலில் வாக்கைக்கூட அப்படித்தான் எண்ணுவார்கள். சன்னலுக்குக் கீழே, படுத்தபடி ஒருத்தி கை நீட்டினால் எட்டும் உயரத்தில், நகத்தால் சுரண்டி அந்த எழுத்து தொடங்கியிருந்தது. யாரும் தேதி சொல்லாததால் அவளே எண்ணியிருக்கிறாள். பன்னிரண்டு முழு எழுத்து, அப்புறம் மூன்று கோடு. அறுபத்து மூன்று.

எண்ணிக்கை அங்கே நின்றிருக்க வேண்டும்.

நிற்கவில்லை.

பதின்மூன்றாவது எழுத்து முழுமையாகியிருந்தது. பதினான்காவதும். அது சுவரில் ஏறி, மூலையில் திரும்பி, அடுத்த சுவரை நிறைத்து, உத்தரத்துக்கு மேலே, ஆள் கை எட்டாத கூரையடியில், வரிசை தப்பாமல் போய்க்கொண்டே இருந்தது. நாற்பத்திரண்டு வருடத்து நாட்கள்.

மூன்றாவது சுவரில், என் நெஞ்சு உயரத்தில், தனியாக ஒரு வரிசை. புதிது. தரையில் சுண்ணாம்புத் தூள் வெள்ளையாகக் கிடந்தது. நாளை எண்ணித் தேதி கண்டுபிடிப்பதுதான் என் தொழில். எண்ணினேன். பன்னிரண்டு முழு எழுத்து, இரண்டு கோடு.

அறுபத்திரண்டு.

இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணினேன். மார்ச், பிப்ரவரி, ஜனவரி. பதினாறாம் தேதியில் வந்து நின்றது.

நான் கையெழுத்துப் போட்ட நாள்.

அவள் செத்த அறுபத்து மூன்றை எட்ட நாளைக்கு ஒரு கோடு பாக்கி. எனக்கு அழுகை வந்தது. அவளுக்காக என்று சொல்ல ஆசைதான். எனக்காகத்தான் அழுதேன். மேல்கோட்டுப் பையைத் துழாவி அட்டைகளை எடுத்தேன். குளிர்ந்த தரையில் மண்டியிட்டு முதல் அட்டையைப் படித்தேன்.

“நவம்பர் எட்டு. அன்னைக்குத்தான் உங்கள இங்க பூட்டினாங்க.”

இருமல் நின்றது. அதுவரை இருமல் கேட்டுக்கொண்டிருந்ததே அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“நவம்பர் ஒம்பது. கஞ்சி வந்துச்சு. தேதி கேட்டீங்க. அன்னைக்கு நவம்பர் ஒம்பது.”

ஒவ்வொன்றாகப் படித்தேன். அவள் கேட்ட ஒவ்வொரு நாளுக்கும் அந்த நாளின் தேதியைச் சொன்னேன். டிசம்பர் முப்பத்தொன்று என்றபோது இருட்டு மூலையில் யாரோ விம்முவது கேட்டது. கிசுகிசுப்பாகவே மிச்சத்தையும் சொன்னேன். ஜனவரி ஒன்பதோடு அட்டைகள் தீர்ந்தன.

அமைதி. கரித்தார் வாசனை விட்டுப்போயிற்று. தலையைத் தூக்கிப் பார்த்தேன். மூன்றாவது சுவர் வழவழவென்று வெள்ளையாக இருந்தது. என் வரிசை அங்கே இல்லை.

விழுந்து விழுந்து கும்பிட்டேன். பைத்தியம் மாதிரி சிரித்தேன்.

“என்னய்யா சத்தம்?” யசுயே கதவருகே வந்துவிட்டாள். கையில் டார்ச் விளக்கு. நாற்பது வருடத்தில் முதல்முறையாக நிலைப்படிமேல் கால் வைத்தாள். “போயிட்டாளா?”

அப்போது சுரண்டும் சத்தம் கேட்டது.

மெல்ல, நிதானமாக, ஒரே ஒரு இழுப்பு. கதவுக்கு உட்புறச் சுவரில், யசுயேவின் தலைக்கு நேரே, சுண்ணாம்பு உதிர்ந்து அவள் தோளில் விழுந்தது. அவள் டார்ச்சைத் திருப்பினாள். புதிதாக ஒரு கோடு.

“இது என்ன? இந்த ஒத்தக் கோடு எதுக்கு?”

எனக்குத் தெரியும். காலையில் நோட்டை அடுப்பில் போட்டவள் அவள்தான். இன்னும் அறுபத்து இரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் என்ன செய்யவேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். நடந்ததை அவள் வாயால் ஊரறியச் சொல்லவேண்டும். சொன்னால் மண்டபம் போகும்.

என் புத்தகமும் போகும்.

“வாத்தியார் ஐயா, உங்களத்தான் கேக்குறேன். இது எதுக்கு?”

அட்டைகளை அடுக்கி ரப்பர் பட்டை போட்டேன். பைக்குள் வைத்தேன். அவளைத் தாண்டி வெயிலுக்கு வந்து பனியை மிதித்துக்கொண்டு நடந்தேன். நாலு நாற்பதுக்கு ரயில்.

“சொல்லிட்டுப் போங்களேன்யா!”

நான் திரும்பவில்லை. வேலியைத் தாண்டும்போது மறுபடி அவள் குரல் கேட்டது. இந்தமுறை கோபம் இல்லை. வேறு எதையோ பார்த்துவிட்ட குரல்.

“ஐயா… உள்ள இன்னொரு கோடு விழுதே. நீங்க மண்டியிட்டிருந்த இடத்துக்கு மேல.”